லாபிஸ் வாசலில் ஒரு ஜோடி சிவப்புச் சப்பாத்து

பிள்ளைகளே, நான் மலேசியாவிலிருந்து வந்து இறங்கிய அன்றே வீட்டு வாசலில் கூடிவிட்டீர்கள். பாதிப் பேர் "என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்றீர்கள். அது அன்று சாயங்காலமே தீர்ந்து, மிட்டாய்த் தாள் மட்டும்தான் மிச்சம். மீதிப் பேர் "அங்க என்ன பார்த்தீங்க?" என்றீர்கள். அதை நின்றுகொண்டே சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நிறுத்தியவன் எழுத்து இது. பிழை இருந்தால் கயலிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.

உண்மையில் போக வேண்டியவன் நான் இல்லை, என் மகள் கயல்தான். அவள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிப்பதும், ராத்திரியெல்லாம் கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும். ஜொகூரில் ஒரு சின்னக் கூட்டம் கற்பனை உலகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடும்படி ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டால் அந்த உலகத்துக்குள் நடக்கலாம், பேசலாம், திரும்பிப் பார்க்கலாம். அந்தப் பெட்டிக்கு ஹெட்செட் என்று பெயர். அந்த உலகத்தில் நாம் நடக்கும்போது காலடிச் சத்தம் கேட்கிறது அல்லவா, அதைச் செய்தவள் கயல். மண்ணில் நடந்தால் சரக் சரக், பலகையில் நடந்தால் தொம் தொம், தரைக்கல்லில் நடந்தால் டக் டக். காசு வாங்காமல் இங்கிருந்தே செய்து கொடுத்திருந்தாள்.

அவர்கள் வேலையை அரசாங்கத்துப் பொதுநிதி ஒன்று தாங்கிப் பிடிக்கிறது. நிதி கொடுத்தவர்கள் வந்து பார்க்கும் நாளில் நீயும் வா, துணைக்கு அப்பாவையும் கூட்டிவா என்று கயலுக்கு அழைப்பு வந்தது. சரியாக அதே வாரத்தில் அவளுக்குத் தேர்வைப் போட்டுவிட்டார்கள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ, "நீ மட்டும் போப்பா. முன்னப்பின்ன ஹெட்செட் போடாத ஆளுங்கதான் சோதனைக்கு வேணுமாம். அதுக்கு உன்னை விட்டா யாரு?" என்றாள். ஒன்றும் தெரியாது என்பதற்காக ஒருவனை வெளிநாட்டுக்கு அனுப்பியது நம் தெருவிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

முதல் நாள் பெர்மாஸ் ஜெயாவில் இறங்கினேன். ஜொகூர் பாரு பக்கத்தில், அடுக்கு வீடுகளும் கடைவரிசைகளும் நிறைந்த இடம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஸ்டெல்லா. முப்பது வயதைத் தாண்டிய பெண், வாய் ஓயாமல் சிரிப்பவர். கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாங்க கயல் அப்பா! பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாட்டை அங்கே பசியாறுவது என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. இட்லி சாப்பிட்டாயா, டிபன் ஆச்சா என்றெல்லாம் கேட்பதைவிட, பசி ஆறிவிட்டதா என்று கேட்பது எவ்வளவு கரிசனமாக இருக்கிறது!

கீழே கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். நம் பரோட்டாவுக்கு அக்காள் மகன் மாதிரி. முகம் ஒன்றுதான், உடம்பு மெலிவு. பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். தே தாரிக் என்பது நம் ஊர் ஆற்றிய டீதான். ஆனால் நம் கோவில்பட்டியில் ஒரு முழம் ஆற்றுவார்கள், அங்கே ஓர் ஆள் உயரத்துக்கு ஆற்றுகிறார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

சிந்தியவன் நான்தான். வீட்டுக்கு வந்து ஹெட்செட்டை மாட்டியதும் எதிரே கடல். கடலோரத்தில் ஒரு குழாய் திறந்து கிடந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய் வேலை பார்க்கிறவன் கண் முன்னால் தண்ணீர் ஒழுகினால் சும்மா இருப்பானா? எட்டி அடைக்கப் போனேன். கையில் பட்டது ஸ்டெல்லா பொட்டலமாகக் கட்டி வாங்கிவந்த தே. மேசை, நாற்காலி, என் வேட்டி எல்லாம் தே.

"அலமாக்! அண்ணே, அது நிஜக் குழாய் இல்ல லா!" என்று ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தார். அலமாக் என்றால் ஐயையோ, லா என்பது அங்கே எல்லாப் பேச்சின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும் சொல்.

துடைத்து முடித்த பிறகு எனக்கு விளக்கிச் சொன்னார். உங்களுக்கும் சொல்கிறேன். இப்படிப்பட்ட உலகங்களைப் பெரிய கம்பெனிகளும் கட்டுகின்றன. ஊருக்கெல்லாம் ஒரே தண்ணீர்த் தொட்டி மாதிரி. சாவி அவர்கள் கையில். அவர்கள் மூடினால் எல்லார் வீட்டிலும் தண்ணீர் நிற்கும். ஸ்டெல்லாவின் கூட்டம் செய்வது வேறு. வீட்டுக்கு வீடு கிணறு. பெர்மாஸ் ஜெயாவில் ஸ்டெல்லா வீட்டுக் கணினியில் ஓர் உலகம், பண்டார் தெங்காராவில் குணா என்பவர் வீட்டில் ஓர் உலகம், லாபிஸில் ஓர் அக்கா வீட்டில் ஓர் உலகம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவே கதவுகள். யாருக்கும் யாரும் முதலாளி இல்லை.

"இதையெல்லாம் எப்படிச் செய்யறோம்னு எழுதி எல்லார் பார்வைக்கும் வெச்சிருக்கோம். யாரும் எடுத்துக்கலாம், மாத்தலாம்" என்றார்.

"யாராவது திருடிட்டுப் போயிட்டா?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணே திருட முடியும்? எடுத்துக்கோன்னுதான வெச்சிருக்கு. மக்கள் வரிப்பணத்துல செஞ்சது. இதுக்குப் போய் பூட்டுப் போட்டா நல்லா இருக்குமா?"

நம் தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொண்டேன். பொதுப்பணத்தில் போட்டது. யார் குடத்தைக் கொண்டுவந்தாலும் அடிக்கலாம், கெட்டுப்போனால் தெரிந்தவன் வாஷர் மாற்றலாம். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நிதி கொடுத்தவர்கள் இதுவரை முதல் கட்டத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். முன்பின் பழக்கமில்லாத சாதாரண மக்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஓர் உலகத்தில் நுழைந்து மூன்றாவது உலகம்வரை தாங்களாகவே நடந்து போக வேண்டும். போனால்தான் அடுத்த கட்டம். இல்லையென்றால் அதோடு சரி. ஸ்டெல்லா முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். விடியும் முன் எழுந்து, கடலைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் ஊர்ந்து போகும் மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு போய்விட்டு, மகள் தூங்கிய பிறகு திரும்பியவர். "இது நின்னுச்சுன்னா மறுபடி அந்தப் பாலந்தான் அண்ணே" என்றபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பண்டார் தெங்காராவுக்குப் போனோம். நம் கரிசல் காட்டில் எவ்வளவு தூரம் பார்த்தாலும் வெட்டவெளி. அங்கே எவ்வளவு தூரம் பார்த்தாலும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். பச்சைக் குடையை வரிசையாக நட்டுவைத்த மாதிரி. தினமும் மத்தியானம் மழை. நாம் மழை பெய்தால் வெளியே ஓடிவந்து பார்ப்போம், அவர்கள் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

குணா மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் இளைஞர். அவர் வீட்டில் இரண்டாவது உலகம் ஓடும் கணினியைப் பார்க்க ஆசைப்பட்டேன். பெரிய எந்திரம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பழைய பெட்டி, அதன்மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"சூடா இருக்குன்னு வந்து படுத்துக்குதுண்ணே. அது படுத்தா காத்து போற ஓட்டை அடைச்சிக்கிட்டு என் உலகமே நின்னு போகுது" என்றார் குணா.

"மத்த ரெண்டு உலகமும்?"

"அது பாட்டுக்கு ஓடும் லா. அதான இதோட அழகே!"

பூனையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குணா தன் வேனில் எங்களை லாபிஸுக்கு ஏற்றிக்கொண்டார். வழியில் முன்னால் போன லாரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை உருண்டு ரோட்டில் விழுந்தது. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும், உடம்பெல்லாம் முள். குணா வேனைத் திருப்ப, வேன் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிட்டது. நானும் ஸ்டெல்லாவும் தள்ளினோம். சக்கரம் சுற்றிச் சுற்றி என் சட்டை முழுக்கச் சேற்றை அள்ளி வீசியது.

வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, தோளைக் கொடுத்தார்கள். வேன் ஏறியதும் அவர்களில் ஒருவர் என் சட்டையைப் பார்த்து மலாயில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். "இந்த ஊர் மண்ணை நீங்க இவ்வளவு கொண்டு போகக் கூடாதாம், சுங்கத்துல பிடிப்பாங்களாம்" என்று குணா மொழிபெயர்த்தார். உங்களுக்கென்று பெர்மாஸ் ஜெயாவில் வாங்கிவைத்திருந்த மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை அவர்களிடம் கொடுத்தேன். உங்களுக்கு வரவேண்டிய இனிப்பு ஏன் குறைந்தது என்று இப்போது தெரிகிறதா?

லாபிஸில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் லெட்சுமி அக்கா. ரயில் நிலையம் பக்கத்தில் காலையில் நாசி லெமாக் விற்பவர். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, வேர்க்கடலை, சம்பல் என்ற மிளகாய்த் துவையல். வாழையிலையில் பொட்டலமாகத் தருவார். மூன்றாவது உலகம் இருப்பது இவர் வீட்டில்தான், சாமி மாடத்துக்குக் கீழே. அந்த உலகமே ஒரு வீட்டுக் கூடம். ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தரைக்கல் நிறம், திரைச்சீலை, பூச்சட்டி எல்லாம் அக்கா தானே பார்த்துப் பார்த்துச் சொல்லிச் செய்தது.

"என் நிஜ வீட்டுக் கல்லு அங்கங்க விரிஞ்சி போச்சு. இதுல பாருங்க தம்பி, கண்ணாடி! மூஞ்சி தெரியும்" என்று பெருமையாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் சோதனை. பக்கத்து மண்டபத்தில் லாபிஸ்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. அவர்களோடு நானும் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்தேன். நிதி கொடுத்தவர்கள் சார்பில் வந்தவர் புவான் ரொஹானா. புவான் என்றால் அம்மையார் என்று மரியாதை. கட்டம்போட்ட முக்காடு, கறாரான முகம். பெரிய திரையில் எங்கள் உருவங்கள் நடமாடுவதை அவர் பார்ப்பார். கட்டியவர்கள் யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரக் கூடாது. லெட்சுமி அக்கா மண்டபத்து உள் அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, தன் உலகத்துக் கூடத்தில் விருந்தாளிகளை எதிர்பார்த்து நின்றார்.

கடலோரத்தில் தொடங்கினோம். எல்லாருக்கும் ஒரே மாதிரி உருவம், காலில் சப்பாத்து, சட்டை நிறத்தையும் சப்பாத்து நிறத்தையும் மட்டும் அவரவர் தேர்ந்தெடுக்கலாம். நாம் ஷூ என்பதை அங்கே சப்பாத்து என்கிறார்கள். மணலில் சரக் சரக். என் மகள் சத்தம்! முதல் கதவைத் தாண்டியதும் குணாவின் செம்பனைத் தோட்டம். ஒருவர்கூடத் தயங்கவில்லை. பூனையும் படுக்கவில்லை. தோட்டத்துக் கடைசியில் இரண்டாவது கதவு. திறந்தே இருந்தது. உள்ளே பளபளவென்று லெட்சுமி அக்காவின் கூடம்.

எல்லாரும் நின்றுவிட்டோம்.

நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். டக் என்றது. கண்ணாடி போன்ற தரையில் சப்பாத்துச் சத்தம். சுரீரென்று காலை இழுத்துக்கொண்டேன். குனிந்து கழற்றப் பார்த்தேன். கையில் என் வெறும் கால்விரல்கள்தான் தட்டுப்பட்டன. நிஜச் செருப்பு மண்டபத்து வாசலில் அல்லவா கிடந்தது!

உள்ளேயிருந்து அக்கா, "வாங்க வாங்க! ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றார்.

"பரவால்ல ஆன்ட்டி, இங்கயே காத்து நல்லா வருது" என்றது ஒரு குரல்.

"தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க."

"இப்பதான் குடிச்சோம் லா."

பிறகு எல்லாரும் வாசலில் நின்றபடி டுரியான் பழத்தின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வருஷம் நல்ல காய்ப்பாம். நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னால் ஸ்டெல்லாவும் குணாவும் கிசுகிசுப்பது கேட்டது. "கதவு வேலை செய்யலியா?" "செய்யுது, நான் பார்த்துட்டேன்." "அப்பறம் ஏன் யாரும் போகல?" "தெரியலக்கா, நெட்டு சரியாத்தான் இருக்கு." ஸ்டெல்லாவின் குரல் உடைந்துபோயிருந்தது. அந்தப் பாலத்தை நினைத்திருப்பார். எனக்குச் சொல்லத் தொண்டைவரை வந்தது. ஆனால் போகாததற்குக் காரணம் என் மகள் செய்த சத்தம் என்று எப்படிச் சொல்வது?

புவான் ரொஹானா எழுந்து மலாயில் கேட்டதை, பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "கதவு திறந்திருக்கிறது, வீட்டுக்காரர் கூப்பிடுகிறார். ஏன் யாரும் போகவில்லை?"

உள் அறைக் கதவு படாரென்று திறக்க, நாங்கள் ஹெட்செட்டைக் கழற்றித் திரும்பினோம். லெட்சுமி அக்கா ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஸ்டெல்லா, பாவம், அவங்களக் குத்தம் சொல்லாத. சப்பாத்தோட எப்படி வீட்டுக்குள்ள வருவாங்க? கழட்டவும் முடியல. கழட்டிட்டு வாங்கன்னு நான்தான் எப்படி வாயைத் தொறந்து சொல்றது? வந்தவங்களுக்கு மொகத்துல அடிச்ச மாதிரி இருக்காது?"

யாரோ அதை மலாயில் சொன்னார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு சீனத் தாத்தா, "ஆமாம், எனக்கும் அதேதான்" என்று தலையாட்டினார். புவான் ரொஹானா மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தார். வெறுங்கால். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் வெறுங்கால். அந்தக் கறாரான முகம் முதல் தடவையாகச் சிரித்தது.

"சொல்லித்தரக் கூடாது என்பதுதான் விதி" என்றார் அவர். "பழுதுபார்க்கக் கூடாது என்று விதி இல்லை. எல்லாரும் தே குடித்து முடிக்கும்வரை நேரம்."

ஸ்டெல்லா உடனே கயலைக் கூப்பிட்டார். தேர்வு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். போனில் அவள் முகமும், பின்னால் பஸ்ஸின் பாட்டுச் சத்தமும் வந்தன.

"அப்பா, என் சத்தந்தான் கெடுத்துச்சா?"

"கெடுக்கலம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் பிரச்சினையே."

மடியில் கணினியை வைத்துக்கொண்டு அங்கேயே தட்ட ஆரம்பித்தாள். வாசலுக்கு வந்ததும் சப்பாத்து கழன்று ஓரமாகக் கிடக்கும்படி செய்து அனுப்பினாள். குணா போட்டுப் பார்த்து "ஐயோ" என்றார். சப்பாத்து கழன்றது, ஆனால் உள்ளே கால் இல்லை! உருவத்தை வரைந்தவர்கள் சப்பாத்துக்குள் பாதத்தை வரையவே இல்லை. திரையில் கணுக்காலோடு நின்ற என் உருவத்தைப் பார்த்து, குனிந்து என் நிஜக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"இருங்க, இருங்க" என்று குணா தேடினார். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் நீச்சல்குளம் வைத்த உலகம் ஒன்று கட்டி, அதற்காகப் பாதங்கள் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருந்தார். குணா அதை எடுத்துக் கொடுக்க, கயல் பொருத்தினாள், ஸ்டெல்லா சரிபார்த்தார். தே குவளைகள் காலியாவதற்குள் வேலை முடிந்துவிட்டது. முகம் தெரியாத அந்த ஆளுக்கு இந்த இடத்தில் ஒரு வணக்கம் வைக்கிறேன்.

ஒரே ஒரு குறை. அந்தப் பாதங்களின் நகங்களில் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. மாற்ற நேரமில்லை.

மறுபடி ஹெட்செட் மாட்டினோம். கடல், தோட்டம், வாசல். சப்பாத்து கழன்றது. நான், சீனத் தாத்தா, இன்னும் மீசை வைத்த ஆண்கள் எல்லாரும் சிவப்பு நகப்பூச்சோடு லெட்சுமி அக்காவின் கூடத்துக்குள் நுழைந்தோம். டக் டக் இல்லை. ஈரத் தரையில் குழந்தை நடப்பது போலச் சின்னதாகப் பச் பச்.

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு. உக்காருங்க, உக்காருங்க!" என்றார் அக்கா.

அப்போது புவான் ரொஹானாவும் ஒரு ஹெட்செட் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். தன் உருவத்துக்குச் சிவப்புச் சப்பாத்து தேர்ந்தெடுத்தார். எல்லா வாசல்களையும் தாண்டி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, பூச்சட்டியைப் பாராட்டினார்.

நான் விடைபெற்று முதலில் வெளியே வந்தேன். வாசலில் சப்பாத்துக் குவியல், கல்யாண மண்டப வாசல் மாதிரி. கயல் அவசரத்தில் செய்ததால், எது யாருடையது என்று சப்பாத்துக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கிறவன் காலில் ஏறிக்கொள்ளும். என் காலில் ஏறியது எது என்று கவனிக்காமல் தோட்டத்து வழியாகக் கடலோரத்துக்கு வந்து, ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் புவான் ரொஹானாவின் குரல் கேட்டது. ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கறாரான முகம் திரும்பி வந்திருந்தது. ஸ்டெல்லா கையைப் பிசைந்துகொண்டு எழுந்து நின்றார்.

"என் சிவப்புச் சப்பாத்தைக் காணோம்" என்றார் புவான் ரொஹானா. "யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பள்ளிவாசலிலும் இதே கதைதான். அடுத்த கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது."

ஸ்டெல்லா சரி சரி என்று தலையாட்டி, இரண்டு மூன்று முறை மன்னிப்புக் கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினார்.

"அடுத்த கட்டமா?"

லெட்சுமி அக்கா போட்ட கூச்சல் ரயில் நிலையம்வரை கேட்டிருக்கும். குணா அம்மாவுக்குப் போன் போட்டு, பூனைக்கு மீன் வைக்கச் சொன்னார். போனில் கயல் பஸ்ஸுக்குள்ளேயே எழுந்து குதிக்க, கண்டக்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

பிள்ளைகளே, இப்போது எங்கள் வீட்டுப் பழைய கணினியிலும் கயல் ஓர் உலகம் வைத்திருக்கிறாள். லாபிஸுக்கு அதிலிருந்து ஒரு கதவு உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் வாருங்கள், வரிசையில் நின்றால் எல்லாருக்கும் ஹெட்செட் கிடைக்கும். வாசல் ஓரத்தில் ஒரு ஜோடி சிவப்புச் சப்பாத்து கிடக்கும். அந்தப் பக்கம் நெருங்காமல் தள்ளி நில்லுங்கள், உங்கள் காலில் ஏறிவிடப் போகிறது. அது புவான் ரொஹானாவுடையது, அன்று என் காலோடு வந்துவிட்டது. தேடிக்கொண்டு ஒருநாள் கட்டாயம் வருவார். வந்தால் முதலில் "பசியாறிட்டீங்களா?" என்று கேளுங்கள்.